தரைவிரிப்பில் பூ வரையலாமா?

ஓவியக் கல்லூரியிலும் வடிவமைப்புப் படிப்பிலும் முதல் சில வகுப்புகளுக்குள் ஒரு பட்டியல் கரும்பலகைக்கு வந்துவிடும். கோடு, வடிவம், நிறம், ஒளிநிழல், பரப்பின் தன்மை, வெளி ஆகியவை அடிப்படைக் கூறுகள். சமநிலை, முரண், லயம், விகிதம், அழுத்தம், ஒருமை ஆகியவை கோட்பாடுகள். அஜந்தா ஓவியமானாலும் சோப்பு விளம்பரமானாலும் இவற்றைக் கொண்டு அலசிவிடலாம் என்று ஆசிரியர் சொல்வார், மாணவரும் எழுதிக்கொள்வார். ஐசக் நியூட்டனின் விதிகளைப் போல இவையும் எப்போதும் இருந்தவை, யாரோ கண்டுபிடித்துச் சொன்னவை என்ற எண்ணம் அங்கேயே ஊன்றிவிடுகிறது. ஆனால் இந்தப் பட்டியலுக்கு வயது உண்டு, பிறந்த ஊர் உண்டு, பிறக்க வைத்த ஒரு வியாபாரக் கவலையும் உண்டு. தறியையோ உளியையோ தொடாமல் தாளில் மட்டும் உருவம் போட்டுக்கொடுக்கும் ஒரு புதுவகை ஆளை ஆலைகள் கேட்டபோது, அந்த ஆளைப் பயிற்றுவிக்க உண்டானது இது. பட்டியலில் பொருளின் பெயர் ஒன்றுகூட இல்லாததற்கும் அதுவே காரணம். நூல் இல்லை, மண் இல்லை, உலோகம் இல்லை.

1835-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் கலைக்கும் உற்பத்திக்கும் உள்ள உறவை விசாரிக்க வில்லியம் யூவர்ட் தலைமையில் ஒரு குழுவை அமைத்தது. மான்செஸ்டரில் உருளை அச்சு இயந்திரம் கஜக் கணக்கில் துணியை அச்சிட்டுத் தள்ளிக்கொண்டிருந்தது. வேகத்திலும் விலையிலும் இங்கிலாந்துக்குப் போட்டியில்லை. ஆனால் லியோன் நகரத்துப் பட்டுக்கு இருந்த மவுசு அதற்கு இல்லை. உருளையில் ஒரு மோசமான உருவம் ஏறிவிட்டால் அது ஒரு சேலையோடு நிற்பதில்லை, பண்டகசாலை முழுக்கத் தேங்கிப்போகும். அச்சடிப்பவன் கையால் ஒவ்வொரு கட்டையாக ஒற்றிய காலத்தில், நடுவழியிலேயே மாற்றிக்கொள்ள இடமிருந்தது. இயந்திரத்தில் எல்லாம் முன்கூட்டியே தாளில் தீர்ந்தாக வேண்டும். குழுவின் பரிந்துரைப்படி 1837-இல் லண்டன் சாமர்செட் மாளிகையில் அரசு வடிவமைப்புப் பள்ளி திறக்கப்பட்டது. அதன் முதல் விதிகளில் ஒன்று விநோதமானது: மனித உருவம் வரையக் கூடாது. வரையப் பழகினால் பையன்கள் ஆலைக்குப் போகாமல் ஓவியர்களாகிவிடுவார்கள் என்ற பயம். பெஞ்சமின் ஹேடன் என்ற ஓவியர் இதை எதிர்த்துப் பெரிய கூச்சல் போட்டார். மனித உடலைக் கழித்துவிட்டால் பாடத்துக்கு மிச்சம் என்ன? ஜெர்மனி, பிரான்ஸ் பள்ளிகளைப் பார்த்து வந்த வில்லியம் டைஸ் அதற்கு விடையாக ஒரு வரைபாட நூலையே தயாரித்தார். நேர்கோட்டில் தொடங்கி, வளைகோட்டுக்கு வந்து, அவற்றைச் சேர்த்து அலங்கார உருவம் கட்டுவது அதன் முறை. பட்டியலில் கோடு முதலில் நிற்பதற்கு இந்த வகுப்பறைக்கும் ஒரு பங்கு உண்டு.

கோட்பாடுகள் பிறந்த கதை இதைவிடச் சுவையானது. 1851-இல் லண்டன் ஹைட் பார்க்கில் கண்ணாடி மாளிகை எழுப்பி உலகப் பொருட்காட்சி நடத்தினார்கள். உலகத்தின் பட்டறை நாங்கள்தான் என்று காட்டுவதற்கான ஏற்பாடு அது. ஆனால் ஹென்றி கோல், ரிச்சர்ட் ரெட்கிரேவ், ஓவன் ஜோன்ஸ் போன்ற ரசனைக்காரர்கள் சொந்த நாட்டுச் சரக்கைப் பார்த்துக் கூசிப்போனார்கள். தரைவிரிப்பில் நிழல் விழும் ரோஜாக் கொத்துகள், பூவிதழின் நடுவிலிருந்து எரியும் வாயு விளக்கு என்று எங்கும் ஒரே ஆடம்பரம். பக்கத்திலேயே ஜான் ஃபோர்ப்ஸ் ராயில் ஒழுங்குசெய்த கிழக்கிந்தியக் கம்பெனிப் பகுதியில் சால்வைகளும் ஜரிகைத் துணிகளும் விரிந்து கிடந்தன. அவற்றில் பூ தட்டையாக இருந்தது, நிறம் பரப்பு முழுக்கச் சீராகப் பரவியிருந்தது, எந்த மூலையும் தனியே கத்தவில்லை. பொருட்காட்சியிலிருந்து மாதிரிகள் வாங்க அரசு ஒதுக்கிய 5,000 பவுண்டில் கணிசமான பகுதி இந்தியச் சரக்குக்கே போயிற்று. வாங்கியவற்றை வைத்து 1852-இல் மார்ல்பரோ மாளிகையில் ஓர் அருங்காட்சியகம் திறந்தார்கள். அதில் ‘பொய்யான கோட்பாடுகள்’ என்று தனியாக ஓர் அறை. இங்கிலாந்துக் கடைகளில் வாங்கிய சுவர்த்தாள்கள், விரிப்புகள், விளக்குகள் ஆகியவற்றை மாட்டி ஒவ்வொன்றின் குற்றத்தையும் எழுதி வைத்திருந்தார்கள். ரயில் நிலையக் காட்சி ஒன்றை ஆழம் தெரியும்படி வரைந்து, அதையே நூறு தடவை அச்சிட்ட சுவர்த்தாளும் அந்தக் குற்றவாளிக் கூண்டில் நின்றது. தயாரித்தவர்கள் சும்மா விடுவார்களா? புகார் வலுத்து அந்த அறையை மூடிவிட்டார்கள். சார்லஸ் டிக்கன்ஸ் 1854-இல் எழுதிய ‘ஹார்ட் டைம்ஸ்’ நாவலின் தொடக்கத்தில், பள்ளிக்கு வரும் ஓர் அரசு ஆள், அறையின் தரைவிரிப்பில் பூ வரையலாமா என்று குழந்தைகளை மிரட்டிக் கேட்பது கோலின் இந்தக் கூட்டத்தைப் பார்த்துச் செய்த கிண்டல்தான். வரையலாம், பூ எனக்குப் பிடிக்கும் என்று சொன்ன சிறுமி அந்த வகுப்பில் அவமானப்படுகிறாள்.

1856-இல் ஓவன் ஜோன்ஸ் ‘அலங்காரத்தின் இலக்கணம்’ என்ற பெருநூலை வெளியிட்டார். 100 வண்ணப்படப் பக்கங்கள், முகப்பில் 37 விதிகள். கட்டுமானத்தை அலங்கரிக்கலாம், அலங்காரத்துக்காகக் கட்டக் கூடாது. பூவை உள்ளபடி வரையக் கூடாது, அதன் சாரத்தை எடுத்துச் சீர்ப்படுத்திய உருவமே அலங்காரம். நிறங்கள் தூரத்திலிருந்து பார்க்கையில் ஒன்றாய்க் கலந்து அமைதி தர வேண்டும். இப்படிப் போகும் அந்த விதிகளில் பல, இந்திய, பாரசீக, அரபுப் பொருள்களை உற்றுப் பார்த்து அவர் வடித்தெடுத்தவை. அவர் கண் கூர்மையானது, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் ஒரு நெசவுத் துணியில் பூ தட்டையாக இருப்பதற்குப் பெரும்பாலும் தறியே காரணம் என்பதை அவருடைய விதி சொல்லாது. பாவும் ஊடையும் செங்குத்தாக வெட்டிக்கொள்ளும் இடத்தில் ஒரு புள்ளி நிறம் விழும். அந்தப் புள்ளிகளை அடுக்கித்தான் இதழ் வர வேண்டும். நிழல் தட்ட வேண்டுமானால் ஊடைக்கு ஊடை நூலை மாற்ற வேண்டும், நேரமும் கூலியும் கூடும். தட்டையான பூ என்பது நூலோடும் கூலியோடும் தலைமுறைகள் செய்துகொண்ட ஒப்பந்தம். ஜோன்ஸ் அந்த ஒப்பந்தத்தின் முடிவை மட்டும் எடுத்து, கண்ணுக்கு உரிய விதி என்று எழுதினார்.

காஞ்சிபுரத்துக் கோர்வைச் சேலையைப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். அரக்கு உடலுக்குப் பச்சைக் கரை. வகுப்பறையில் இதற்கு ‘முரண்’ என்று பெயர் சொல்லி நகர்ந்துவிடலாம். தறியில் அது அவ்வளவு சுலபமல்ல. உடலுக்கு ஒரு நாடா, இரண்டு கரைகளுக்கு இரண்டு நாடா என மூன்று ஓட வேண்டும். நெசவாளர் ஒரு பக்கம் வீச, மறு கரையின் நாடாவைக் கவனிக்கப் பக்கத்தில் இன்னொருவர் உட்கார வேண்டும். உடல் ஊடையும் கரை ஊடையும் சந்திக்கும் இடத்தில் ஒன்றையொன்று கொக்கி போட்டுக்கொண்டு திரும்பும். அந்தக் கோர்ப்பு பிசகினால் சேலை அங்கேயே கிழியும். முந்தானையை வேறு நிறத்தில் சேர்ப்பதானால் பாவையே மாற்றி இழைக்கு இழை இணைக்கும் வேலை தனி. இரண்டாவது ஆளுக்குக் கூலி கொடுக்க முடியாத வீட்டில், உடலுக்கும் கரைக்கும் ஒரே ஊடையை ஓட்டிச் சேலை நெய்வார்கள், நிறம் மங்கிக் கலக்கும். ஆக, அந்த ‘முரண்’ ஓர் அழகுத் தீர்மானம் என்பதோடு, வீட்டில் எத்தனை கை இருக்கிறது என்ற கணக்கும்தான். பட்டியல் அதன் முதல் பாதியை மட்டும் வைத்துக்கொண்டது.

இப்படித் துணியிலிருந்து உருவத்தைப் பிரித்தெடுப்பது வெறும் சிந்தனையில் நடந்ததல்ல, கத்தரிக்கோலாலும் நடந்தது. 1866-இல் ஜான் ஃபோர்ப்ஸ் வாட்சன் இந்தியத் துணி மாதிரிகளைப் பதினெட்டுத் தொகுதிகளாகத் தொகுத்தார். மொத்தம் 700 மாதிரிகள், இருபது பிரதிகள். சேலை, தலைப்பாகை, வேட்டி என முழுத் துணிகளை வாங்கித் துண்டு துண்டாக வெட்டி, பக்கத்துக்கு ஒன்றாக ஒட்டி, ஊர், நீளம், அகலம், எடை, விலை எல்லாம் குறித்தார்கள். பிரதிகளில் பதின்மூன்று பிரிட்டனிலும் ஏழு இந்தியாவிலும் வைக்கப்பட்டன. நோக்கத்தை அவர் மறைக்கவும் இல்லை. இந்தியர்கள் எதை விரும்பி உடுத்துகிறார்கள் என்று பிரிட்டிஷ் ஆலைக்காரர் இருந்த இடத்திலிருந்தே தெரிந்துகொண்டு அதைத் தயாரிக்க வேண்டும் என்பதே நோக்கம். முந்தானை எங்கே முடிகிறது, மடிப்பில் கரை எப்படி விழுகிறது, உடம்பில் அது என்ன ஆகிறது என்பதெல்லாம் அந்தத் துண்டில் தெரியாது. கோடும் நிறமும் வடிவமும் மட்டும் தெரியும். வடிவமைப்பின் கூறுகள் என்று நாம் சொல்பவற்றில் இந்த மூன்றும் அந்தப் பக்கத்தில் கச்சிதமாக ஒட்டப்பட்டிருந்தன.

இதற்குள் லண்டன் பாடத்திட்டம் கப்பலேறிச் சென்னைக்கு வந்துவிட்டது. 1850-இல் அறுவைமருத்துவர் அலெக்சாண்டர் ஹன்டர் சொந்த முயற்சியில் தொடங்கிய ஓவியப் பள்ளியைச் சில ஆண்டுகளில் அரசு ஏற்றுக்கொண்டது. அந்தக் காலத்தில் பிரிட்டிஷ் கலைப்பள்ளிகளுக்கு மையமாக இருந்த சவுத் கென்சிங்டன், இருபத்துமூன்று படிகளாக ஒரு பயிற்சியை வகுத்திருந்தது. கருவி கொண்டு நேர்கோடு போடுவது முதல் படி, அலங்கார வடிவமைப்பு கடைசிப் படி. இந்தியத் துணியைப் பார்த்து லண்டனில் எழுதிய விதிகளை, இந்திய நெசவாளர் வீட்டுப் பையன்களுக்கு இந்தியாவிலேயே கற்பிக்கும் நிலை உண்டாயிற்று. இதில் நெருடல் இருப்பது அங்கே வேலை பார்த்த ஆங்கிலேயருக்கே தெரிந்தது. 1884-இல் சென்னைப் பள்ளிக்குப் பொறுப்பேற்ற ஈ. பி. ஹாவெல் மாகாணத்துக் கைத்தொழில்களை ஊர் ஊராகப் போய்ப் பார்த்தவர். பின்னாளில் கல்கத்தாவுக்குப் போனபின், ஐரோப்பியச் சிலைப் பிரதிகளை வரையவைக்கும் பாடமுறையையே அவர் உடைத்தெறிந்தார்.

இந்த வாதத்துக்கு வலுவான ஒரு மறுப்பு உண்டு. பட்டியல் எங்கே பிறந்தாலும் என்ன, அது கண்ணின் இயல்பைத்தானே சொல்கிறது? கண் எல்லா நாட்டிலும் ஒன்றுதானே? இந்த மறுப்பைத் தள்ளிவிட முடியாது. 1820களில் பாரிஸ் கோப்லான் அரசு நெசவுக்கூடத்தின் சாயப் பிரிவுக்கு வேதியியலர் மிஷேல் ஷெவ்ரெல் தலைவரானார். கறுப்புச் சாயம் சரியில்லை, நீலத் துணியில் கறுப்பு நூல் வெளிறித் தெரிகிறது என்று நெசவாளர்கள் புகார் செய்தார்கள். அவர் சாயத்தைச் சோதித்தார், அதில் குறையே இல்லை. பக்கத்தில் இருந்த நீலமும் ஊதாவும்தான் கறுப்பின் வலுவைத் தின்றன. ஒரு நிறம் அருகிலுள்ள நிறத்தால் மாறித் தெரிகிறது என்ற இந்த உண்மையை 1839-இல் அவர் நூலாக்கினார். அது காஞ்சிபுரத்திலும் உண்மை, கியோட்டோவிலும் உண்மை. 1920களில் உளவியலாளர் மாக்ஸ் வெர்த்தைமரும் அவர் கூட்டாளிகளும் காட்டியதும் அப்படித்தான்: பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகளைக் கண் ஒரு கூட்டமாகச் சேர்த்தே பார்க்கும். ஆனால் இவை கண் எப்படிப் பார்க்கிறது என்பதைச் சொல்பவை. படம் எப்படி இருக்க வேண்டும் என்று சொல்பவை அல்ல. கறுப்பு நீலத்தின் அருகே வெளிறும் என்பது தெரிந்தால் அதைத் தவிர்க்கவும் செய்யலாம், வேண்டுமென்றே பயன்படுத்தவும் செய்யலாம். ‘சமநிலை வேண்டும், ஒருமை வேண்டும்’ என்ற கட்டளை ஷெவ்ரெலின் சோதனையிலிருந்து கிடைக்காது. கட்டளை வந்த இடம் மார்ல்பரோ மாளிகை அறை.

பட்டியல் உண்மையிலேயே கண்ணின் விதி என்றால் எல்லாரும் ஒரே பட்டியலைத் தந்திருக்க வேண்டும். அப்படி நடக்கவில்லை. அமெரிக்காவில் ஆர்தர் வெஸ்லி டௌ 1899-இல் வெளியிட்ட பாடநூலில் கூறுகள் மூன்றுதான்: கோடு, ஜப்பானியர் நோத்தான் என்று அழைக்கும் இருள்-ஒளி அமைப்பு, நிறம். கோட்பாடுகள் ஐந்து: எதிர்நிலை, இணைப்பு, கீழ்ப்படுத்தல், மீள்வரவு, சமச்சீர். பாஸ்டன் அருங்காட்சியகத்து ஜப்பானிய அச்சுப்படங்களின் நடுவில், எர்னெஸ்ட் ஃபெனலோசாவின் துணையோடு அவர் உருவாக்கிய முறை அது. எட்டே ஆண்டுகள் கழித்து ஹார்வர்டின் டென்மன் ராஸ் எல்லாவற்றையும் இசைவு, சமநிலை, லயம் என்று மூன்றில் அடக்கிவிட்டார். ஜெர்மனியில் பௌஹவுஸ் பள்ளியில் வாசிலி காண்டின்ஸ்கி, முக்கோணத்துக்கு மஞ்சள், சதுரத்துக்குச் சிவப்பு, வட்டத்துக்கு நீலம் என்று பொருத்தம் வகுத்து, அதைச் சோதிக்க 1923-இல் பள்ளிக்குள் வினாத்தாள் சுற்றவிட்டார். பிற்காலத்தில் இதே கேள்வியை வேறு மக்களிடம் கேட்டபோது அதே விடை வரவில்லை. இவர்கள் யாரும் ஏமாற்றுக்காரர்கள் அல்ல. ஆளுக்கொரு பள்ளி, ஆளுக்கொரு வகை மாணவர், ஆளுக்கொரு அருங்காட்சியகம். பட்டியலும் அதற்கேற்ப நீண்டும் குறுகியும் போயிற்று. இன்று பாடநூல்களில் காணும் ஆறும் ஏழும் இவற்றை எல்லாம் ஒன்றாகக் கொட்டிக் கிளறிய கூட்டாஞ்சோறு.

இன்னொரு மறுப்பு நம் பக்கத்திலிருந்து வரும். நம்மிடம் சித்திரத்தின் ஆறு அங்கங்கள் இல்லையா, சிற்ப நூல்களின் தாளப் பிரமாணம் இல்லையா, பிறகு எப்படி இதை வெள்ளைக்காரன் சரக்கு என்பது? ஆறு அங்கங்கள் காமசூத்திரத்துக்கு யசோதரர் எழுதிய உரையில் வருகின்றன. உருவ வேறுபாடு, அளவு, பாவம், நளினம், ஒப்புமை, வண்ணக் கலவை. ஓவியர் அவனீந்திரநாத் தாகூர் 1910களில் இதை எடுத்து விரிவாக எழுதி, மேற்கின் விதிகளுக்கு இணையாக நிறுத்தினார். தேசிய உணர்வு பொங்கிய அந்தக் காலத்தில் அது இயல்பான செயல். ஆனால் அந்த ஆறில் பாவமும் ஒப்புமையும் இருக்கின்றன. வரையப்படும் ஆள் யார், அவர் மனநிலை என்ன என்று தெரியாமல் அவற்றைப் பேச முடியாது. கோடும் வடிவமும் அப்படியல்ல, யாரைப் பற்றியும் கவலைப்படாது.

தாளப் பிரமாணம் இன்னும் தூரம். சுவாமிமலையில் ஒரு ஸ்தபதி படிமம் வார்க்கத் தொடங்கும்போது, செய்யவேண்டிய உயரத்துக்குத் தென்னை ஓலையில் ஒரு நறுக்கு எடுத்து மடித்து மடித்துப் பிரிப்பார். சிவனுக்கும் விஷ்ணுவுக்கும் உத்தம தசதாளம், 124 பங்கு. தேவிக்கு மத்திம தசதாளம், 120 பங்கு. அந்தப் பங்கில் ஒன்றுதான் அந்தப் படிமத்தின் அங்குலம். அடிக்கோலில் உள்ள அங்குலத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஒரு சாண் சிலைக்கும் ஆளுயரச் சிலைக்கும் அங்குலம் வேறுவேறு, அங்குலத்தை எட்டாக்கினால் யவம். நெற்றிக்கும் மூக்குக்கும் மூக்கின் அடியிலிருந்து முகவாய்க்கும் எவ்வளவு என்பது எல்லாம் ஓலை மடிப்பிலிருந்தே மெழுகுக்குப் போகும். ‘விகிதம்’ என்ற தலைப்பின் கீழ் இதை அடக்கலாம்தான். ஆனால் எந்தத் தெய்வம் என்று சொல்லாமல் ஸ்தபதி ஓலையை மடிக்கவே முடியாது. பட்டியலின் விகிதம் யாருக்கும் பொருந்தும். அதனாலேயே அதை வைத்து ஒரு கைகூடச் செய்ய வராது. இரண்டும் விதிதான், ஒன்று செய்கிறவனுக்கு, மற்றது பார்த்துத் தீர்ப்புச் சொல்பவனுக்கு.

புள்ளிக் கோலத்திலும் இதே பிளவு தெரியும். நேர்ப்புள்ளியா ஊடுபுள்ளியா, எத்தனை வரிசை, எதில் போய் முடியும் என்பதைச் சொன்னால் போதும், தெரிந்தவர் போட்டுவிடுவார். சிக்குக் கோலத்தில் இழை எல்லாப் புள்ளியையும் சுற்றித் தொடங்கிய இடத்துக்கே வந்து சேர வேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை. சமச்சீரும் லயமும் பெரும்பாலும் அந்த நிபந்தனையின் பலனாகத் தாமாக வந்து விழும். 1970களில் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் கிப்ட் சிரோமணியும் அவருடன் ஆய்வு செய்தவர்களும் கோலங்களைக் கணினி இலக்கணமாக எழுதினார்கள். கோலத்தின் தோற்றத்தை விவரிக்காமல் அதை உண்டாக்கும் படிகளை எழுதினார்கள். வடிவமைப்பு வகுப்பு செய்யாத காரியத்தைக் கணிதக்காரர்கள் செய்தார்கள்.

பட்டியல் வேண்டாம் என்று சொல்ல இதெல்லாம் போதுமா? போதாது. நாற்பது பேர் உட்கார்ந்திருக்கும் வகுப்பில் ஆளுக்கொரு தறியும் உலையும் கொடுக்க முடியாது. தாளும் பென்சிலும் கொடுக்கலாம். தகப்பன் பட்டறை இல்லாத பிள்ளைக்கு, சாதி அடைத்த கதவுக்கு வெளியே நின்றவருக்கு, உருவம் பற்றிப் பேச ஒரு பொதுமொழி தந்ததில் இந்தப் பட்டியலுக்கும் பங்குண்டு. குலத்தொழில் ரகசியத்தைவிடக் கரும்பலகை நியாயமானது என்பதில் எனக்கு ஐயமில்லை. வகுப்பறைக்கென வெட்டிய கருவியை இயற்கையின் விதியாக்கி, அதைக் கொண்டு கோர்வைச் சேலைக்கும் வெண்கலப் படிமத்துக்கும் மதிப்பெண் போடுவதுதான் தவறு. தமிழ்நாட்டு அரசுத் தொழில்நுட்பத் தேர்வின் ஓவியப் பிரிவில் இன்றும் கட்டற்ற கைவரைவு, மாதிரிப் பொருள் வரைவு, வடிவமைப்பு என்று தாள்கள் உண்டு. சவுத் கென்சிங்டன் படிகளின் பெயரே இன்னும் மாறவில்லை.

சென்னைப் பள்ளிக்கு 1929-இல் தேவி பிரசாத் ராய் சௌத்ரி பொறுப்பேற்றார், 1957-இல் கே. சி. எஸ். பணிக்கர் முதல்வரானார். அவருடைய மாணவர்கள் விதிகளை ஐயமறக் கற்றவர்கள், ஆனால் படம் விற்று வாழ முடியாதவர்கள். அவர்கள் சேர்ந்து பத்திக் துணியும் கைவினைப் பொருள்களும் செய்து விற்றார்கள். அந்தக் காசில் கடற்கரையோரமாக நிலம் வாங்கி 1966-இல் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை அமைத்தார்கள்.